காய் வடித்த தண்ணீர்

பீன்ஸைப் பொடியாக அரிந்தால் அதிலிருக்கும் கெடுதல் சீக்கிரம் தண்ணீரில் இறங்கிவிடும், இன்னும் பொடியாக அரிந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும், அப்படியென்றால் இடித்து மாவாக்கிவிட்டால் ஒன்றுமே மிஞ்சாதோ என்று நினைத்தபடி தெய்வானை அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நகத்தை உரசியபோதுதான் கையை இழுத்தாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்றம், யாரோ எதையோ சொல்ல சனங்கள் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் அவள் புருசன் செருமவேண்டும். எப்போதும் செருமுவார். சத்தியமங்கலம் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக நின்று கத்திய தொண்டை அது, சும்மா இருக்காது. இப்போது செருமல் வரவில்லை. தூங்கியிருப்பார். தூங்கியிருப்பாரா? கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பைப் பார்ப்பதுபோல் இரண்டடி நகர்ந்து, கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். நாச்சிமுத்து நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தார். பனியனுக்குள் நெஞ்சு தெரியவில்லை. பனியன் அசைகிறதா? ஃபேன் காற்றுக்கு அசைகிறதா, அவருக்கு அசைகிறதா? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மூக்கைச் சொறிந்தார். அப்பாடா என்று திரும்பி வந்து, கைக்கு வந்த வேகத்தில் மறுபடி அரிய ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை கிட்னி டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தார். "பொட்டாசியம் திரும்பவும் ஏறியிருக்குதும்மா. சாப்பாட்டுல சொன்னபடி செய்யறீங்களா இல்லையா?" என்றார். செய்கிறேனுங்க என்றாள். "இப்படியே ஏறிட்டுப் போச்சுன்னா இதயம் சொல்லாம கொள்ளாம நின்னுரும். செவ்வாக்கிழமை வந்து கையில அந்தச் சின்ன ஆபரேசனைப் பண்ணிக்குங்க, அப்பறம் டயாலிசிஸ் மெசினுக்குப் போயிரலாம்." சொல்லாமல் கொள்ளாமல் என்ற அந்த வார்த்தை வியாழனிலிருந்து அவள் கூடவே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. குளிக்கும்போது வந்தது. கோலம் போடும்போது வந்தது. திருடன் என்றால் நாய் குரைக்கும், காய்ச்சல் என்றால் நெற்றி சுடும். உப்பு கூடினால் நாக்குச் சொல்லும். இந்தப் பொட்டாசியம் என்கிற சனியன் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பச்சைப்பசேல் என்று சிரிக்கிற பீன்ஸுக்குள்ளும் கேரட்டுக்குள்ளும் உட்கார்ந்துகொண்டு அவர் நெஞ்சை நிறுத்த வருகிறதாம். ஊரெல்லாம் காய்கறி தின்னு, காய்கறி தின்னு என்று சொல்கிறது. இவள் மட்டும் கூடையில் காயைப் பார்த்தாலே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறவளாகிப்போனாள்.

ஆனால் சொன்னபடி செய்யாமலா இருந்தாள்? ஆஸ்பத்திரியில் உணவு சொல்லிக்கொடுக்கிற பொண்ணு, வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப் பொண்ணு, நிறுத்தி நிதானமாகச் சொன்னதெல்லாம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. தேங்காய்த் தண்ணி, வாழைப்பழம் ஆகாது. தக்காளி கூடாது. காயைப் பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்புறந்தான் தாளிக்கவேண்டும். தலையாட்டிவிட்டு வந்தாள், வந்த அன்றைக்கே செய்தாள். ஆனால் வடித்த காயைப் பார்க்கச் சகிக்கவில்லை. சத்தும் போய், நிறமும் போய், சவத்துக்குத் துணி சுற்றினாற்போல ஒரு வெளுப்பு. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு சோற்று வட்டலைத் தள்ளிவிட்டார். "இதத் திங்கறதுக்குச் செத்தே போயிரலாம் புள்ள." மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தின்றாலும் பயம், தின்னாவிட்டாலும் பயம். அன்றைக்கு ராத்திரி அழுதாள், காலையில் எழுந்து இடுப்பில் சேலையைச் செருகினாள். வடித்த காயைத் துணியில் போட்டுப் பிழிந்து ஈரத்தை எடுத்தால் எண்ணெயை நன்றாக இழுக்கும் என்று கண்டுபிடித்தாள். மூடிபோடாமல் வடைச்சட்டியில் பரப்பி ஓரம் சிவக்கிறவரைக்கும் விட்டால் முட்டைக்கோசுக்கு ஒரு முறுகல் வாசம் வந்தது. பூண்டைத் தோலோடு தட்டி எண்ணெயில் போட்டாள். உளுந்தைச் சிவக்க வறுத்தாள். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து, இறக்கும்போது தூவினாள். கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டாள். உப்பு குறைவு என்று நாக்குக்கே தெரியாத அளவுக்கு எலுமிச்சையை ஒரு சொட்டுப் பிழிந்தாள். இன்னொன்றும் செய்தாள், வீட்டிலிருக்கிற எல்லாருக்கும் அதே காய் என்று வைத்துவிட்டாள். அவருக்குத் தனி வட்டல், தனிக் குழம்பு என்று இருந்தால்தானே நோயாளி என்ற நினைப்பு? காயைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிற பேத்தி தன்ஷிகாகூட அந்த முறுகல் கோசைப் பொரி மாதிரி அள்ளித் தின்றது. மகன் டிபன் டப்பாவில் கேட்டு வாங்கிப் போனான். அவர் வட்டலைத் தள்ளுவதை நிறுத்தினார். இரண்டாந்தரம் கேட்டார். இதற்கெல்லாம் பிறகும் ஏறியிருக்கிறது என்றால் எங்கிருந்து ஏறுகிறது?

பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. பீன்ஸையும் கேரட்டையும் அள்ளிப் போட்டாள். தேங்காயாக இருக்குமோ? வாசத்துக்கு ஒரு சிட்டிகைதானே துருவிப் போடுகிறேன், அந்தச் சிட்டிகையா? கொத்துமல்லியா? அதைத்தான் நிறுத்தியாயிற்றே. இல்லை, இவர் வெளியில் ஏதாவது தின்கிறாரோ. சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போய் நிற்கிறார், அங்கே வாழைத்தார் தொங்குகிறது, பழைய டிரைவர் ஒருத்தர் கூட இருக்கிறார், "ஒண்ணு தின்னா என்ன ஆயிரும்"னு நீட்டியிருப்பாரோ? முந்தாநாள் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையை முகர்ந்து பார்த்தாள். கட்டிய புருசனின் சட்டையை முகர்ந்து பார்க்கிற வயசா இது, அதுவும் வாழைப்பழ வாசம் வருகிறதா என்று! சிரிப்பு வரவேண்டிய இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. மருமகள் மேலும் சந்தேகம் வந்தது. ஹேமலதா நல்ல பிள்ளைதான், ஆனால் மாமனார் ஆசையாகக் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது, ஒரு தம்ளர் இளநீர் கொடுத்திருப்பாளோ? நேற்று அவள் குப்பைக்கூடையைக் கொண்டுபோய்க் கொட்டும்போது தெய்வானை எட்டிப் பார்த்தாள். உள்ளே வெங்காயத் தோல்தான் கிடந்தது. அதைப் பார்த்து நிம்மதிப்படவும் முடியவில்லை. வேறு யாரும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது அவர் கிட்னி ஒன்றுதான். அது தன்பாட்டில் செத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு எந்தக் காயும் எந்தத் தாளிப்பும் பொருட்டில்லை. இந்த நினைப்பு வந்ததும் கரண்டியை எடுத்துக் காயைக் கிண்டினாள். வெந்துவிட்டது. தட்டை மூடிப் பக்கத்துப் போசிப் பாத்திரத்தில் வடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. லேசான மஞ்சள் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சாய்த்துப் பிடித்தாள், கை வலிக்கிறவரைக்கும் பிடித்தாள், போ, எல்லாம் போ, அவரை விட்டுப் போ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பிடித்தாள்.

காயைத் துணியில் பிழிந்தாள். பிழிந்த தண்ணீரும் போசிக்குள்தான் விழுந்தது. வடைச்சட்டி காய்ந்ததும் கடுகு பொரிந்தது, பூண்டு விழுந்ததும் வீடே மணத்தது, கூடத்திலிருந்து செருமல் கேட்டது. அந்தச் செருமலைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் இளகிப்போயிற்று. காயைப் பரப்பிவிட்டு இன்னொரு அடுப்பில் ரசத்துக்கு வைத்தாள். பேருக்குக் கொஞ்சம் புளி, மிளகு, சீரகம், பூண்டு. தக்காளி போடாத ரசம்தான், ஆனால் அவர் உயிரே அதில்தான் இருந்தது. தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "எனக்குத் தண்ணி வேண்டாம், அந்தக் கணக்குக்கு ரசத்தக் குடு" என்று பேரம் பேசித் தம்ளரில் வாங்கிக் குடிப்பார். அப்போது ஹேமலதா உள்ளே வந்தாள். தலையில் ஈரத்துண்டு, கையில் தன்ஷிகாவின் சீப்பு. "இருங்கத்தை, இன்னைக்காவது நின்னு பாத்துக்கறேன். உங்க ரசத்துக்கு மட்டும் எங்கிருந்துங்க இந்த ருசி வருது? தக்காளி கூட இல்ல. அன்னைக்கு நீங்க கோயிலுக்குப் போனப்ப நானும் அதே மிளகு, அதே சீரகந்தானுங்க போட்டேன். மாமா வாயில வெச்சுட்டு வெந்நித்தண்ணின்னு சொல்லிட்டாரு." தெய்வானைக்குப் பெருமையாக இருந்தது. வியாழனுக்கப்புறம் அவள் செய்த எதையும் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "அதுல என்ன கண்ணு இருக்குது, வெறுந்தண்ணி ஊத்துனா வெந்நித்தண்ணியாட்டந்தான் இருக்கும். நான் காய் வடிச்ச தண்ணிய..." என்று சொல்லிக்கொண்டே போசியைச் சாய்த்தாள். தண்ணீர் ரசத்துக்குள் விழுந்தது. வாய் நின்றுவிட்டது. கை நிற்கவில்லை, போசி காலியாகிறவரைக்கும் ஊற்றி முடித்தது.

"தண்ணியவா? அட, அதானா!" என்று சிரித்துவிட்டு ஹேமலதா போய்விட்டாள். தன்ஷிகா குளியலறைக்குள்ளிருந்து கதவைத் தட்டி அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தது. ஹேமலதாவுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆஸ்பத்திரிக்கு அவரோடு போனவள் தெய்வானைதான், அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டவளும் இவள்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டு என்று சொன்னாள். கொட்டிவிட்டு. இரண்டுதரம் சொன்னாள், தலையாட்டினேனே. தலை ஆட்டியது, கை கேட்கவில்லை. இந்தக் கைக்கு வடித்த தண்ணீரைக் கொட்டத் தெரியாது. கொள்ளு வேகவைத்தாலும் தட்டைப்பயறு வேகவைத்தாலும் பருப்பைக் கடைவதற்கு முன்னால் தண்ணீரை வடித்து ரசம் வைப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். கல்யாணமான புதிதில் அவரைக்காய் வெந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றியபோது மாமியார், "சத்தயெல்லாம் சாக்கடைக்கு ஊத்திப்போட்டுச் சக்கயவா எம்பையனுக்குப் போடுவ?" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டார். அன்றைக்குப் பிறகு ஒருநாள்கூட ஊற்றியதில்லை. வடித்துவைத்த தண்ணீர் அடுப்படியில் இருந்தால் கை அதை எடுக்கும், ரசத்தில் ஊற்றும், அதற்கு மூளையைக் கேட்கவேண்டிய அவசியமில்லை. பொடியாக அரிந்தாளே, இறங்கட்டும் இறங்கட்டும் என்று! அத்தனை கெடுதலையும் காயிலிருந்து பிடுங்கி எடுத்து, ஒரு சொட்டு விடாமல் பிழிந்து, மிளகும் சீரகமும் போட்டு மணக்க மணக்கக் கொதிக்கவைத்து, தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்திருக்கிறாள். தினமும். இரண்டாந்தரம் கேட்டால் இரண்டாந்தரமும். அவர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்கிற அழகைப் பார்த்துக்கொண்டு வேறு நின்றிருக்கிறாள். வடைச்சட்டியில் காய் தீய்கிற வாசம் வந்தபிறகுதான் அந்த அடுப்பை அணைத்தாள்.

ரசம் நுரை கட்டிக்கொண்டு வந்தது. கொட்டிவிட்டால் என்ன. இப்போதே கொட்டிவிட்டு, கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டு, நாளையிலிருந்து வெறுந்தண்ணீரில் வைத்தால் யாருக்குத் தெரியும்? ருசி போய்விட்டது என்பார். வயசாகிவிட்டது, கைப்பக்குவம் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியவேண்டாம். மகனுக்குத் தெரியவேண்டாம், "ஏம்மா, இத்தன சொல்லியுமா?" என்று அவன் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அவள் மீதி நாளெல்லாம் அந்த அடுப்படியில் எப்படி நிற்பாள்? ஆனால் செவ்வாய்க்கிழமை இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை அவர் கையைக் கீறி ரத்தக்குழாயை இழுத்துத் தைப்பார்கள். டாக்டர் கிட்னிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ரசம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வாரா? சொல்லமாட்டாரா? ரசத்தாலில்லாமல் கிட்னியாலேயேதானோ? இரண்டுமேயோ? வாயை மூடிக்கொண்டால் அவர் கையைக் கீறுவதற்கு இவள்தான் காரணம். வாயைத் திறந்தால் கட்டிய புருசனுக்கு விஷம் ஊற்றியவள் இவள். அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் கூடியிருக்கிற வீட்டில் அவரைக் கிடத்தியிருப்பதுபோலவும் யாரோ பொம்பளை, நல்லாச் சமைப்பாளே அந்தம்மா என்று சொல்வதுபோலவும் காதுக்குள் கேட்டது. கடவுளே, இந்த நாலு நாளில் எதுவும் ஆகாமல் இருந்ததே, இன்றைக்கும் ஆகாமல் இருக்கட்டும், இன்றைக்கு ஒருநாள் மட்டும்.

"ஏப்புள்ள, வாசம் ஊரக் கூட்டுது, சோறு போடறயா இல்லியா?" நாச்சிமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் வட்டலை வைத்தாள். சோறு வைத்தாள். பார்க்காமல் வைத்ததில் பொரியல் பாதி வட்டலிலும் பாதி மேசையிலும் விழுந்தது. மேசையில் விழுந்ததை அவர் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் அதைச் செய்யமாட்டார். "கொஞ்சம் அடி புடிச்சிருச்சு, ஆனாத் தின்னலாம்" என்றார். வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான், எதற்கும் குறை சொல்வதில்லை, யார் முகத்தையும் பார்ப்பதுமில்லை, வாத்தியாரிடம் அடிவாங்கிய பையன் மாதிரி குனிந்தே தின்கிறார். அவருக்குப் பயமில்லை என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். பயமெல்லாம் தன் ஒருத்திக்கே என்று நினைத்திருந்தாள். "ரசம்" என்று தம்ளரை நீட்டினார். அவள் நகரவில்லை. "ஏன், வெக்கிலயா?"

"வெச்சேனுங்க."

"அப்பறம்? ஊத்து."

அவள் ரசச்சட்டியைத் துணியால் பிடித்து எடுத்தாள். எடுத்துக்கொண்டு மேசைக்கு வரவில்லை, கழுவுகிற தொட்டிக்குப் போனாள், அவர் பார்க்கப் பார்க்க முழுசையும் கவிழ்த்தாள். கறிவேப்பிலை குழாய் ஓட்டையில் சிக்கிக்கொண்டது. மிளகு வாசம் குப்பென்று எழும்பியது. "அட, என்ன புள்ள பண்ற?" என்று அவர் பாதி எழுந்துவிட்டார். அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காய் வடிச்ச தண்ணியக் கொட்டோணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுங்க. நான் கொட்டுலீங்க. நான் அதுலதான் ரசம் வெச்சேன். தெரிஞ்சு பண்ணுலீங்க மாமா, சத்தியமாத் தெரிஞ்சு பண்ணுலீங்க, கை பழக்கத்துல ஊத்திருச்சு. காயில இருந்த கெடுதலு பூராவும் அந்தத் தண்ணியிலதான். அதத்தான் உங்களுக்குக் குடுத்திட்டு இருந்திருக்கறேன்." சொல்லி முடித்தாள். டிவியில் யாரோ நகைச்சுவை சொன்னார்கள்.

"தெனமுமா?" என்றார்.

"தெனமுந்தானுங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். சொம்பை எடுத்து எறிவார் என்று காத்திருந்தாள், எறியட்டும், தலையில் படட்டும் என்றுகூட நினைத்தாள். மெல்லத் திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்து சோற்றுக் கையை வட்டலில் ஊன்றிக்கொண்டு இடது கையால் முகத்தை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள், "மாமா, மாமா, நெஞ்சு வலிக்குதுங்களா?" என்றாள். அவர் கையை எடுத்தார். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. "அப்ப நானில்லையா புள்ள?" என்றார். "என்ற கிட்னி இல்லையா? உன்ற ரசந்தானா?" அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பிடி இறுகிக்கொண்டே போனது. "நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல தெரியுமா? உங்கிட்டச் சொன்னா நீ அழுவீன்னு கண்ண மூடிப் படுத்திருந்தேன். மெசினுக்குப் போனவங்க எத்தன பேர நாம் பாத்திருக்கறேன்... ரசமாம் ரசம்! காலைல மொத வேலையா டாக்டருகிட்டச் சொல்லு. செவ்வாக்கெழம வேண்டாம்னு சொல்லு. ஹேமா, ஏ ஹேமா, இங்க வா, உங்கத்தை பண்ணுன கூத்தக் கேளு." பொரியலை இழுத்துப்போட்டு வாய்நிறைய வைத்துக்கொண்டார். வெறுஞ்சோறும் பொரியலுமாக, ரசமில்லாமல், தண்ணீரில்லாமல், விக்க விக்கத் தின்றார். வியாழனுக்கப்புறம் முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "ரசத்த நிறுத்துனா எறங்கிரும்ல?" என்றார்.

அவளுக்குத் தெரியாது. இறங்கலாம், இறங்காமலும் போகலாம். டாக்டருக்கே தெரியுமோ என்னவோ. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரைக்கும் அவர் வெறுப்பாரே என்று பயந்தாள். இப்போது அவர் நம்புகிறார், கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவனைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்க்கிறார், இது பொய்யாகிவிட்டால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இத்தனை நாள் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. அவர் மணிக்கட்டை விடவில்லை. "சொல்லு புள்ள, எறங்கிரும்ல?"

"எறங்கிருமுங்க" என்று சொல்லிவிட்டு, தெய்வானை அவருக்கு இன்னும் கொஞ்சம் பொரியல் வைத்தாள்.